பூஜ்யத்தில் ஒரு கனசதுரம்

"ஒரு பெட்டி, ஒரு உருளை, ஒரு கூம்பு, ஒரு உருண்டை. அவ்வளவுதானுங்க தாமோதரன், வந்த அன்னிக்கே ஒடம்ப அலட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி கனகசபாபதி தன் அறைக்குள் போய் வெகுநேரமாகிவிட்டது, நான் இன்னும் பெட்டியிலேயே நிற்கிறேன், பெட்டி வரமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டினேன், முதல் மூலை எங்கே என்று கேட்டது, பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று கொடுத்தேன், நீளம் ஐம்பது, அகலம் ஐம்பது, உயரம் ஐம்பது, எண்டர், திரை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மறுபடி தட்டினேன், மறுபடி பூஜ்யம், மறுபடி ஐம்பது, ஒன்றுமில்லை. எதை வரைந்தாலும் முதல் மூலையை, அளவெல்லாம் தொடங்குகிற பூஜ்யப் புள்ளியில் நடுவது இந்த ஆபீஸ் பழக்கம், நான் கொண்டுவந்த பழக்கம், அப்போதுதான் நாளைக்கு வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் எது எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்காது. தண்ணீர் சுழலும் பாதையை வளைத்து வளைத்து, கோயம்புத்தூர் பம்ப்புகளின் வயிற்றையெல்லாம் வரைந்து பிழைத்தவன் நான், என்னைப் போய்ப் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பிள்ளைகளுக்கு மாதிரிக் கோப்பு போடச் சொல்கிறார், அவர் நல்ல மனசுக்காரர், லேசான வேலையாகக் கொடுக்கிறார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கு வந்தது மஞ்சள் காமாலை என்றுதானே அவருக்குத் தெரியும். காலையிலிருந்து ஆளாளுக்குக் கீழாநெல்லி வைத்தியம் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன். மூளையில் ரத்தம் கட்டியது என்று சொன்னால் இந்த நாற்காலியில் உட்கார விடுவார்களா, பாவம் என்று சொல்லிக்கொண்டே ஸ்டோருக்கு அனுப்பி நட்டு எண்ண வைத்துவிடுவார்கள். மறுபடி தட்டுகிறேன், பூஜ்யம், ஐம்பது, எண்டர். இந்தக் கம்ப்யூட்டரை நான் லீவில் இருந்தபோது யாரோ நோண்டியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதெல்லாம் இல்லை, எனக்கு ஆடத் தெரியும், கூடம்தான் கோணல்.

எனக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் இருந்தது. ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர், கோடு போட்டே வயிறு வளர்த்தவனிடம் கடிகாரமா என்று சிரித்துக்கொண்டே வரைந்து கொடுத்தேன், என் மனைவி வசுமதி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு எண்ணையும் வலது பாதிக்குள் அடைத்து வைத்திருந்தேனாம், இடது பாதி காலியாம், எனக்கு அது முழுக் கடிகாரமாகத்தான் தெரிந்தது, அதுதான் இதில் பயங்கரம், குறைகிறது என்றே தெரியாது. கண்ணில் பழுதில்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கண்டுகொள்வதில்லை, அந்தப் பக்கம் யாராவது தொட்டால்கூடச் சில சமயம் உறைக்காது, அவ்வளவுதான், போகப்போகச் சரியாகும், நீங்களாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகுங்கள் என்றார். தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு இன்னும் போடு என்று கேட்பேனாம், நர்ஸ் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாளாம். அதெல்லாம் போயிற்று. போன வாரம் மறுபடி காட்டப் போனபோது கடிகாரத்தை அச்சடித்த மாதிரி வரைந்து கொடுத்தேன், இடது கைக் கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு அந்த விரல் தென்படும் வரை கண்ணை இழுத்துக்கொண்டே போனால் எல்லா எண்ணும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும், தொழில்காரனுக்குத் தெரியாதா. டாக்டர் மகிழ்ந்து போனார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். அதை இன்னும் மூணு மாசம் போகட்டும் பார்க்கலாம் என்றார். வசுமதி கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தாள், என்ன சொன்னார் என்று கேட்டாள், ஓட்டலாம்னுட்டார் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எப்படித் திருத்துவது, நான் படுத்ததிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறித் துணிக்கடைக்கு ஓடுகிறாள். அதனால் இன்று காலையில் மகள் ஆதிரையை வண்டியில் பின்னால் உட்காரவைத்து நானே கொண்டுபோய் விட்டேன். நன்றாகத்தான் ஓட்டினேன். பள்ளிக்கூடம் விட்டதும் நானே போய்க் கூட்டிக்கொண்டு வீட்டில் விட வேண்டும், முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது, தாராளமாப் போயிட்டு வாங்க என்றார்.

சரி, பெட்டி கிடக்கட்டும், உருளையைப் பார்ப்போம். எண் கொடுக்காமல் மவுசால் திரையில் ஓர் இடத்தில் அழுத்தி இழுக்கிறேன், வட்டம் விரிகிறது, மேலே தூக்குகிறேன், அட, எழுந்து நிற்கிறது பார், புதுத் தகர டப்பா மாதிரி, ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலுமாக. பக்கத்திலேயே கூம்பு, அடியில் வட்டம், நுனியில் பூஜ்யம், அதுவும் வருகிறது. உருண்டைக்கு மையமும் ஆரமும் போதும், உருண்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி, உலகத்தில் எல்லாமே உருண்டையாக இருந்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு வம்பே இல்லை. ஆதிரை காலையில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள், ஒரு தாத்தாவைப் பற்றி. சத்தி ரோட்டில் வரும்போது என் சட்டையை இறுக்கிப் பிடித்து "அப்பா, அந்தத் தாத்தா!" என்றாள், எந்தத் தாத்தா என்றேன், பின்னால் யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினார்கள், இந்த ஊரில் காலை நேரத்தில் யார்தான் யாரைத் திட்டவில்லை. இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது. கணக்குப் பரீட்சை என்று நினைத்தேன். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், அது ஏன் வெளிற வேண்டும். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், உருண்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், கூம்பின் மேல் இடிக்கிறது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் வெறும் தக்காளிச் சாதம் மட்டும், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, வசுமதிக்குக் காலையில் நேரமிருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன், மூடப் போனபோது பக்கத்து சீட் நிஷா, "ஏன் சார், உருளைக்கிழங்கு வறுவல் அப்படியே இருக்கே, காமாலைக்கு எண்ணெய் ஆகாதுங்களா?" என்றாள். ஆமாம்மா, ஆகாது என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து பார்க்காமலே மூடினேன். ஏன் பார்க்கவில்லை. பசியில்லை, அதனால் பார்க்கவில்லை. பசியில்லாதவன் எதற்காகத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையே என்று வருத்தப்பட்டான்.

பெட்டி. பெட்டியையும் மவுசாலேயே போட்டுவிடுவோம், உருளைக்கு இந்தப் பக்கம் இடம் இருக்கிறது, அழுத்தி இழுத்து மேலே தூக்க, வந்துவிட்டது, ஆறு முகமும் எட்டு மூலையும், ஒரு குறையில்லை. நாலும் ஆயிற்று. பெட்டி, உருளை, கூம்பு, உருண்டை, வரிசையாக நிற்கின்றன, கடையில் அடுக்கி வைத்த சாமான் மாதிரி. ஒரு சின்னப் பிள்ளை வேலைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வெட்கமாகக்கூட இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான், பார்த்தீர்களா டாக்டர், இவன் தேறிவிட்டான். முதலில் பெட்டி வராதது கம்ப்யூட்டர் கோளாறுதான், எண் கொடுத்தால் வரவில்லை, இழுத்தால் வருகிறது, சாயங்காலம் ஆள் வரச் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போதும் செய்வதைச் செய்கிறேன், வரைந்ததை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. முன்னாலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போல் தெரிவது பக்கவாட்டில் பார்த்தால் எங்கேயோ எட்டிப்போய்த் தொங்கும், ஒரே பக்கம் பார்த்துவிட்டு நம்பாதே என்று புதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றச் சொல்வேன். மவுஸ் சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுக்கிறேன், தரை திரும்புகிறது, நிழல்கள் நகர்கின்றன, பின்பக்கம் வருகிறது.

இது யார் போட்ட பெட்டி? வலது ஓரத்தில் தனியாக ஒரு கனசதுரம் நிற்கிறது. நான் போட்டதல்ல, நான் போட்டது உருளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உருளை எங்கே? கூம்பு எங்கே, உருண்டை எங்கே, நாலையும் காணோம், இந்தத் தெரியாத பெட்டி மட்டும் நிற்கிறது. அழித்துவிட்டேனா, கை எதையாவது தட்டிவிட்டதா. முன்பக்கம் திருப்புகிறேன், நாலும் இருக்கின்றன, அந்தப் பெட்டி இல்லை. பின்பக்கம் திருப்புகிறேன், அந்தப் பெட்டி இருக்கிறது, நாலும் இல்லை. ஏதாவது விளையாட்டா, யாராவது எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்களா. அதை அழுத்தி அழிக்கிறேன். போகவில்லை, அப்படியே நிற்கிறது. மறுபடி அழிக்கிறேன், நிற்கிறது. அழிக்க அழிக்க நிற்கிறது, கெட்ட சொப்பனத்தில் கதவைச் சாத்தச் சாத்தத் திறந்துகொள்ளுமே அந்த மாதிரி, இன்னொரு முறை அழுத்துகிறேன், பட்டென்று போய்விட்டது, தரை காலியாகிவிட்டது. அப்போதுதான் புரிகிறது. ஒரே பெட்டியை அதே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்துவிடுவது புதுப் பிள்ளைகள் செய்கிற தவறு, கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும், வரைந்த பொருளின் எடையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தால்தான் கூடுதலாக வந்து காட்டிக்கொடுக்கும், எத்தனை பேரை அதற்காகக் கிண்டல் செய்திருப்பேன். பெட்டி முதல் தடவையே வந்துவிட்டது. பூஜ்யம் திரையின் இடது கீழ் மூலையில் இருக்கிறது, அது அங்கேதான் இருக்கும் என்பது எனக்கு என் பெயரைப்போல் தெரியும், சொன்ன இடத்தில், சொன்ன அளவில், ஒரு பிசகும் இல்லாமல் பெட்டி வந்து நின்றது. நான்தான் இல்லை என்று சொல்லிச் சொல்லி அதன் மேலேயே மறுபடி மறுபடி வரைந்திருக்கிறேன். பின்பக்கம் திருப்பியதும் இடது வலதாகிவிட்டது, அது கண்ணில் பட்டது, நாலும் இடது பக்கம் போய்க் காணாமல் போயின.

பயமாக இருக்கிறது. அம்மா, பயமாக இருக்கிறது. இல்லாததைப் பார்த்தால் அதற்குப் பெயர் பேய், இருப்பதைப் பார்க்காமல் இருந்தால் அதற்கு என்ன பெயர். கழுத்தைத் திருப்பு என்றாரே டாக்டர், திருப்புகிறேன், வேண்டுமென்றே, தாடை தோளைத் தொடும் வரை திருப்புகிறேன். மேஜையின் இடது பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, ஆடை கட்டிக் கிடக்கிறது, யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், டீக்காரர் இன்றைக்கு எனக்கு மட்டும் தரவில்லை என்று உள்ளுக்குள் கோபித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்பால் ஜன்னல், இந்த அறையில் ஜன்னல் இருப்பதே மறந்துவிட்டது, ஜன்னலுக்கு வெளியே ரோடு, ரோட்டில் ஓரமாகப் போகிறவர்கள். ஓரமாக. இடது ஓரமாக. நம் ஊரில் நடக்கிறவன் இடது ஓரம், சைக்கிள்காரன் இடது ஓரம், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் இடது ஓரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவது இடது ஓரம், அத்தனை பேருக்கும் பக்கத்தில் காலையில் நான் வண்டியை விட்டுக்கொண்டு போயிருக்கிறேன், என் கண்ணுக்கு ரோடு காலியாக இருந்தது, இவ்வளவு சுகமாக ரோடு கிடைத்து எத்தனை நாளாயிற்று என்றுகூட நினைத்தேன். அந்தத் தாத்தா. வண்டியின் கைப்பிடியில் ஏதோ உரசியது, பை மாதிரி, துணி மாதிரி, ஆதிரை கத்தினாள், யாரோ திட்டினார்கள். திட்டினவர் அவர்தான். திட்டினாரே, நல்லபடியாக எழுந்து நின்று திட்டினாரே, திட்டினார் என்றால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம். வேறு யாராவது திட்டியிருந்தால்? கீழே கிடந்தவருக்காக வேறு யாராவது திட்டியிருந்தால்? திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. நான் எந்தத் தாத்தா என்று கேட்டேன், அவள் பதில் சொல்லவில்லை, பொய் சொல்கிறேன் என்று அப்பா நினைப்பார் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். என் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்குகிறது. சாவி வலது பாக்கெட்டில் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மனசு உடனே வக்கீல் வேலைக்கு வந்துவிடுகிறது, மெதுவாக ஓட்டினால் போச்சு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினால் போச்சு, இப்போது தெரிந்துவிட்டதே, தெரிந்த பிறகு ஜாக்கிரதையாக இருக்கலாமே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதே ஞாபகம் வரவில்லை என்றால்? பெட்டி வரவில்லை என்று ஒரு தடவையாவது கழுத்தைத் திருப்பினாயா, கூடம் கோணல் என்றாயே. வசுமதிக்குப் போன் போடுகிறேன், அடித்துக்கொண்டே இருக்கிறது, துணிக்கடையில் வேலைக்கு நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள், அது தெரிந்தும் போடுகிறேன். ஆட்டோவில் போகலாம், போகலாம்தான், ஆனால் என்னால் தனியாக ரோட்டைக் கடக்க முடியுமா என்பதே எனக்கு இப்போது தெரியவில்லை. இவ்வளவு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. "நிஷா" என்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை கூப்பிடுகிறேன். "சொல்லுங்க சார்." "எனக்கு வந்தது காமாலை இல்லம்மா." அவள் வலது பக்கத்திலிருந்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறாள், முழுசாகத் தெரிகிறாள். மூளை, ரத்தம், இடது பக்கம் என்று எது முன் எது பின் என்றில்லாமல் கொட்டுகிறேன், காலையில் வண்டி ஓட்டிவந்ததையும் சொல்கிறேன், அந்தத் தாத்தாவை மட்டும் சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் அதையும் சொல்கிறேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "சாவியக் குடுங்க சார்" என்று கை நீட்டுகிறாள், வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள். "என் ஸ்கூட்டியில போலாம். வர்ற வழியில அந்த எடத்துல நிறுத்தி, அந்தப் பெரியவருக்கு என்னாச்சுன்னு கடைக்காரங்ககிட்ட கேட்டுட்டு வந்துரலாம். ஐயாகிட்ட நீங்களே சொல்லிருங்க சார், நான் சொன்னா நல்லாருக்காது." சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன், இல்லை, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து இன்றைக்கே சொல்கிறேன். ஸ்டோரில் நட்டு எண்ணச் சொன்னால் எண்ணுகிறேன், அதில் எத்தனை இடது பக்கம் உருண்டு போகுமோ.

பள்ளிக்கூட வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம். ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு நிஷா எனக்கு வலது பக்கம் வந்து நிற்கிறாள், வழியெல்லாம் அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து கழுத்து வலிக்க இடது பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன், எத்தனை பேர், எத்தனை பேர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். கேட் திறந்துவிட்டது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டை, ஒரே இரட்டைச் சடை, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், இது இல்லை, இது இல்லை. கும்பல் கரைகிறது, ஆட்டோக்கள் புறப்படுகின்றன, வாட்ச்மேன் ஒரு கதவைச் சாத்திவிட்டார், ஆதிரையைக் காணோம். காலையில் பயந்த பிள்ளை, அப்பாவின் வண்டியில் இனி ஏறக் கூடாதென்று தனியாக நடந்து கிளம்பிவிட்டதா, அந்த ரோட்டிலா, அந்த ஓரத்திலா, என்னைப்போல் ஒருவன் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற ரோட்டிலா. "நிஷா, என் பொண்ணைக் காணோம்மா" என்கிறேன், அழுகை வந்துவிட்டது, நடுரோட்டில் நின்று அழுகிறேன், வெட்கம் மானம் ஒன்றும் தோன்றவில்லை. நிஷா என் தோளைப் பிடித்து மெல்ல இடது பக்கம் திருப்புகிறாள். முதலில் ஒரு புத்தகப் பை, பிறகு அவிழ்ந்த ஒரு சடை, பிறகு அவள் முகம், நான் அழுவதைப் பார்த்து அவளும் அழ ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, என் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தபடி. "எவ்வளவு நேரமா உன் கையைப் பிடிச்சுட்டு நிக்கிறேன்ப்பா" என்கிறாள், "என்னை ஏன் பார்க்கவே மாட்டேங்கற?"